கிச்சிலியைக் கூடைக்குப் பழக்கியது

பெருநகர்,
19.1.2026, திங்கள்.

கர்த்தருக்குள் அன்பான மகள் சுகிர்தாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான் சுகம், சம்பா சுகம், பொன்னி சுகம், கிச்சிலியின் சுகத்தைப் பற்றித்தான் இவ்வளவு பெரிய தாளில் எழுத வேண்டியிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். நீ மங்களூரில் சுகமாக இருக்கிறாய் என்று நேற்றுகூடப் போனில் சொன்னாய், ஆனால் டியூட்டி முடிந்து வந்து வெறும் பிஸ்கட்டைத் தின்றுவிட்டுப் படுத்துக்கொள்கிறாய் என்று உன் குரலிலேயே தெரிகிறது, அந்தப் பழக்கம் வேண்டாம், ஒரு பிடி சோறாவது ஆக்கிச் சாப்பிடு. தினமும்தான் பேசுகிறோமே, இதென்ன புதுசாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் நான் வாயைத் திறந்தால் நீ நடுவில் பேசுவாய், நீ பேசினால் நான் கத்துவேன், கத்தினால் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடும், நம் வீட்டுப் பழக்கம் அது. அதனால் சத்துணவுக் கூடத்தில் நான் வேலை பார்த்தபோது மிச்சமான நோட்டிலிருந்து தாள் கிழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவாமல் கிடக்கிறது, கிடக்கட்டும். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள் கண்ணு, எட்டாவதோடு நிறுத்தின கை.

முதலில் நீ கேட்டதற்கெல்லாம் பதில். பூனைகளை உன் வீட்டுக்கு ஏற்றிவர நீ அனுப்பின கூடைகள் மூன்றும் கிறிஸ்துமஸ் கழிந்த திங்கட்கிழமை வந்தன, இன்றோடு மூன்று வாரம். பார்சல்காரன் இறக்கி வைக்கும்போதே எதிர்வீட்டு எல்லப்பன் வந்துவிட்டான், இன்னாக்கா இது, கோழிப் பண்ணை வைக்கப் போறியா என்று கேட்டான். பூனைக்குடா என்றேன். பூனைக்கா, சன்னலு கதவு வச்ச வூடு கணக்கா கீதே, எனக்கே இப்டி ஒண்ணு இல்லியே என்று சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான். நீ சொன்னபடி அச்சுப் பிசகாமல் செய்தேன். முதல் நாலு நாள் கதவைக் கழற்றிவிட்டுக் கூடத்து மூலையில் சும்மா வைத்தேன். பிறகு பக்கத்தில் சோற்றுத் தட்டு, பிறகு கூடை வாசலில், பிறகு உள்ளே. பொன்னி மூன்றாம் நாளே உள்ளே போய்ப் படுத்துவிட்டது, இப்போது அதற்குத் தூக்கமே அதில்தான், கூப்பிட்டாலும் வெளியே வருவதில்லை. சம்பா பயந்தாங்கொள்ளி, தலையை உள்ளேயும் பின்பக்கத்தை வெளியேயும் வைத்துக்கொண்டு தின்னும், ஒரு வாரம் போனபிறகுதான் வாலையும் உள்ளே எடுத்துக்கொண்டது. கதவை மாட்டி ஒரு நிமிஷம், பிறகு ஐந்து, பிறகு பத்து என்று கூட்டினேன். அப்புறம் கூடையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் தோட்டத்துக்கும் நடந்தேன். தெருவே நின்று வேடிக்கை பார்த்தது, புருசன் போன துக்கத்துல இதுக்கு மண்ட கழண்டுக்கிச்சு என்று யாரோ சொன்னது என் காதிலேயே விழுந்தது. சொல்பவர்கள் சொல்லட்டும்.

உத்திரமேரூர் கால்நடை ஆஸ்பத்திரிக்குச் சம்பாவையும் பொன்னியையும் ஆட்டோவில் கொண்டுபோனேன். டாக்டரம்மா நல்ல மாதிரி. பேர் கேட்டு எழுதினார், சம்பா, பொன்னி, வீட்டில் இன்னொன்று கிச்சிலி என்றேன், என்னம்மா நெல் மண்டி வச்சிருக்கீங்களா என்று சிரித்தார். என் வீட்டுக்காரர் மண்டியில் முப்பது வருஷம் மூட்டை தூக்கினவர், அவர் வைத்த பேர்கள் என்றேன். தூக்கினவர் என்று நான் சொன்னதைக் கவனித்திருக்க வேண்டும், அதற்குமேல் சிரிக்கவில்லை. ஊசி போட்டு, பிரயாணத்துக்குச் சீட்டும் எழுதிக் கொடுத்தார். முந்தின நாள் சாயந்திரத்தோடு சோற்றை நிறுத்திவிட வேண்டுமாம், தண்ணீர் காட்டலாமாம், கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வாந்தி வராமலிருக்க அரை மாத்திரை. வண்டியில் கண்ணாடி இறக்கியிருக்கும்போது கூடையைத் திறக்கவே கூடாது, கூடைமேல் மெல்லிய துணி போட்டு வைத்தால் வெளிச்சம் ஓடுவது தெரியாமல் அடங்கிக் கிடக்கும் என்றார். எல்லாவற்றையும் காலண்டர் அட்டையின் பின்னால் எழுதி ஆணியில் மாட்டியிருக்கிறேன். கிச்சிலிக்கு மட்டும் ஆஸ்பத்திரி ஆளே வீட்டுக்கு வந்து சனிக்கிழமை ஊசி போட்டுவிட்டுப் போனார், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

வண்டிப் பழக்கமும் ஆயிற்று. நீ பேசி வைத்த கலைச்செல்வன் தங்கமான பிள்ளை, வாடகை வண்டி ஓட்டுகிறவனுக்கு இவ்வளவு பொறுமையா என்று எனக்கே ஆச்சரியம். முதல் நாள் இஞ்சின் போடாமல் கூடைகளை ஏற்றிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம், இரண்டாம் நாள் இஞ்சின் போட்டு, மூன்றாம் நாள் உத்திரமேரூர் வரை போய்த் திரும்பினோம். சம்பா போகும்போது கத்தியது, வரும்போது வாந்தி எடுத்தது. அவனுக்கு ஒரே கவலை, யம்மா, பூனை மூத்தரம் சீட்ல பட்டுதுன்னா ஆறு மாசத்துக்கு நாத்தம் போவாது, எவன் ஏறுவான் என் வண்டில, அடில ரப்பர் சீட்டு போட்டு மேல கோணி விரிச்சிடலாம் என்றான். சொன்ன கையோடு டிக்கியிலிருந்து ஒரு கோணியை எடுத்து உதறினான். கிச்சிலி அப்போது வாசற்படியில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருந்தது. கோணியைக் கண்டதும் அது உட்கார்ந்த இடத்திலேயே மூத்திரம் விட்டுவிட்டது, சுகிர்தா. அப்படியே சுவரேறி ஷீட் கூரைமேல் போனது, இரண்டு நாள் இறங்கவில்லை. கோணியப் பாத்தா இன்னாத்துக்கும்மா இப்டி பயப்படுது என்று அவன் கேட்டான். தெரியலப்பா என்றேன். பொய். எனக்குத்தான் தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியும்.

உன் நைனாவுக்கும் தெரியும், அவர் மண்ணுக்குள் இருக்கிறார். எல்லப்பனுக்குப் பாதி தெரியும். உனக்குத் தெரிய வேண்டும், நீ என்னை உன் வீட்டுக்குக் கூட்டிப்போவதற்கு முன்னால் தெரிய வேண்டும். கிச்சிலி தானாக ஓடிப்போய்த் திரும்பி வந்தது என்று உனக்குச் சொன்னேன் இல்லையா. அது ஓடிப்போகவில்லை. நான்தான் அனுப்பினேன். போன வருஷம் மார்ச் மாதம், உனக்கு வேலை கிடைத்ததற்கு அறுப்பின் பண்டிகையில் கொண்டுபோய் வைப்பதாகப் பொருத்தனை பண்ணி ஒரு கோழியை அடை வைத்திருந்தேனே, ஒன்பது குஞ்சு பொரித்தது. இரண்டே நாளில் ஏழு குஞ்சைக் கிச்சிலி முடித்துவிட்டது. ஆண்டவருக்கு நேர்ந்ததைப் பூனை தின்றுவிட்டது என்றதும் எனக்குத் தலைக்கேறிவிட்டது, உன் வேலைக்கே ஏதோ வந்துவிடும் என்று ஒரு பயம் வேறு. நானா பூனையா, ஒண்ணு சொல்லு என்று உன் நைனாவிடம் நின்றேன். இன்னாமே இது, அதுக்கு இன்னா தெரியும் பொருத்தனையப் பத்தி, வாயில்லாத சீவன் என்றார். நான் இரண்டு நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. என் கோபம் உனக்குத் தெரியாதா. எல்லப்பன்தான் யோசனை சொன்னான், கோணில போட்டு வாயக் கட்டி, மூணு சுத்து சுத்திட்டு, ஆத்தத் தாண்டிப் போயி வுட்டுடுக்கா, தண்ணியத் தாண்டினா பூனைக்கு வழி அத்துப் போவும், திரும்பி வராது என்றான். நம் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தானே செய்கிறார்கள்.

உன் நைனா கடைசியில் தலையாட்டினார், ஆனால் நான் புடிச்சுப் போட மாட்டேன், எங்கிட்ட அது நம்பி வரும் என்று சொல்லிவிட்டு வாசலில் டிவிஎஸ் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டார். நான் கூப்பிட்டால் அது வராது. அதனால் அவர் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டேன். பாஸ் பாஸ், கிச்சிலி, வா நைனா வா என்று, அந்த இழுப்பு, அந்தக் குரல் எல்லாம் அப்படியே. கோணிக்குள் ஒரு துண்டு கருவாடு. அது வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது, சுகிர்தா, சந்தோஷமாக வந்தது. வாயைச் சணலால் கட்டி நானே மூன்று சுற்றுச் சுற்றினேன். முதல் சுற்றில் கத்தியது, மூன்றாவதில் கத்தவில்லை. உன் நைனா கோணியைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பாலாற்றைத் தாண்டி வாலாஜாபாத் போய், ஒரு ரைஸ்மில்லின் பின்பக்கம் விட்டுவிட்டு வந்தார். அங்க எலி கீது, பட்டினி கெடக்காது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார். அன்றைக்கு நான் மீன் குழம்பு வைத்தேன், அவர் சாப்பிட்டார், ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்ததும் வெள்ளைச் சட்டையோடேயே வண்டியை எடுத்தார். எங்கே என்றால் சும்மா என்றார். சாயந்திரம் திரும்பினார், முழங்கால் வரை உமி. அதற்கடுத்த வாரமும் அப்படியே. உறியில் கருவாடு குறைந்துகொண்டே வந்தது, எனக்கா தெரியாது. தெரிந்தும் நான் ஒன்றும் கேட்கவில்லை, ஒரு தரம் மட்டும், பூனைக்குத் தொணையா அங்கயே படுத்துக்கயேன் என்று குத்தினேன். உயிர்த்தெழுந்த பண்டிகையன்றுகூடப் போனார், பிரியாணி ஆறிப்போக உட்கார்ந்திருந்தேன். ஆறாவது ஞாயிறு ஏப்ரல் இருபத்தேழு. வண்டியைக் கிளப்பிவிட்டு, கிளம்பாமல் வாசலில் நின்றார். ஏம்மே, அது கெடைச்சா இட்டுக்கினு வரட்டா, உள்ள வுடுவியா என்று கேட்டார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை. அவர் பதிலுக்காக நின்றார். வண்டி தடதடவென்று ஓடிக்கொண்டே நின்றது, நான் புடைத்துக்கொண்டே இருந்தேன், எவ்வளவு நேரம் நிற்கிறாய் பார்க்கிறேன் என்று. பிறகு போய்விட்டார். பாலாற்றுப் பாலத்தில் லாரி. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கால் மணி நேரம் முன்னால் போய்ப் பாலத்தைத் தாண்டியிருப்பார். வேண்டாம், நாளைக்குச் சேர்ந்து போகலாம் என்றிருந்தால் போயிருக்கவே மாட்டார். எந்தக் கணக்குப் போட்டாலும் அது என் வாய்க்குத்தான் வருகிறது.

நீ வந்து விழுந்து அழும்போது கேட்டாய், அன்னிக்கு நைனா வாலாஜாபாத் இன்னாத்துக்கும்மா போச்சு என்று. தவிடு வாங்க என்றேன். பிறகு ஒருநாள் போனில் கேட்டாய், தவிடு உத்திரமேரூர்லயே கெடைக்குதேம்மா என்று. அங்கே விலை மலிவு என்றேன். மூன்றாம் தரம் கேட்டாய், கத்தினேன். அதோடு நீ கேட்பதை நிறுத்திவிட்டாய், ஆனால் மனதில் நிறுத்தவில்லை என்று எனக்குத் தெரியும். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து வண்டி வந்தபோது அதன் கொக்கியில் ஒரு மஞ்சள் பை அப்படியே தொங்கியது. உள்ளே மூட்டை தூக்கும்போது தலையில் கட்டுகிற அவருடைய துண்டு, காகிதத்தில் மடித்த கருவாடு. கருவாட்டைத் தூரப் போட்டேன். துண்டைத் துவைக்காமல் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன்.

நாற்பதாம் நாள் ஜெபத்தன்று, நீ லீவு கிடைக்காமல் போனில் இருந்தாயே, போதகர் ஜெபிக்க எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். எனக்குக் கண் மூட முடியவில்லை. வாசலைப் பார்த்தேன், கிச்சிலி நிற்கிறது. வெறும் எலும்பு, ஒரு காது இல்லை, உடம்பெல்லாம் மணல். அவ்வளவு பேர் நடுவில் நுழைந்து, என்னைத் தாண்டி, அவர் கட்டிலுக்கு அடியில் போய்ப் பார்த்தது, வண்டி நிற்கும் இடத்தில் போய்ப் பார்த்தது, திரும்பி வந்து என் முன்னால் உட்கார்ந்து என்னைப் பார்த்தது. எல்லாரும் அதிசயம் என்றார்கள், போதகர் அதற்கும் ஒரு ஸ்தோத்திரம் சொன்னார், நீ போனில், நைனாவே வந்த மாதிரி கீதும்மா என்று அழுதாய். ஆமாம் என்றேன். எல்லப்பன் மட்டும் என் காதருகில் வந்து, ஆத்தத் தாண்டினா வராதுன்னேன், ஆத்துல தண்ணி இருந்தாத்தானக்கா, மணல்லயே நடந்து வந்துக்கீது என்றான். ஆமாம், அதுதான் எங்கள் புத்தி. பாலாறு வறண்டு எத்தனை காலம், அதை ஆறு என்று நம்பி விட்டுவிட்டு வந்தோம்.

அன்றிலிருந்து இந்த வீட்டில் நாங்கள் எப்படி இருக்கிறோம் என்று உனக்குச் சொன்னதில்லை. கிச்சிலி என் கையிலிருந்து எதையும் வாங்காது. தட்டை வைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போன பிறகுதான் வாயை வைக்கும். தெருவில் ஏதாவது டிவிஎஸ் சத்தம் கேட்டால் அதுவும் எழுந்திருக்கும், நானும் எழுந்திருப்பேன், வண்டி நம் வீட்டைத் தாண்டிப் போனதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வோம். சில நாள் பட்டப்பகலில் கூடத்துச் சுவருக்கு எதிரில் உட்கார்ந்து, யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் அந்த ஒற்றைக் காதைத் திருப்பித் திருப்பி வைக்கும், பிறகு கண்ணை மெதுவாக மூடித் திறக்கும், அவர் மடியில் இருக்கும்போது செய்யுமே அப்படி. எனக்கு முதலில் பயமாக இருந்தது. பிறகு பயம் போய் வயிறு எரிய ஆரம்பித்தது. எனக்குக் கேட்காதது அதற்குக் கேட்கிறதே என்று. நானும் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து பார்த்தேன், உடனே எழுந்து போய்விட்டது. நைனா போனதிலிருந்து நீ எட்டு மாதமாக வா வா என்று கூப்பிட்டும், பூனைகளை விட்டுவிட்டு எப்படி வருவேன் என்று நான் சாக்குச் சொன்னதெல்லாம் பாசத்தால் என்று நினைத்திருப்பாய். அது என்னை மன்னிக்காமல் இருக்கும்போது நான் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே போவது, அதனால்தான். பூனைகளையும் கூட்டிக்கிட்டே வாம்மா, கீழ் வீடு, காம்பவுண்டு எல்லாம் பார்த்து எடுத்துவிட்டேன் என்று நீ சொன்னபோது எனக்கு அந்தச் சாக்கும் தீர்ந்துபோயிற்று.

இப்போது கூடை விஷயம். கோணியைப் பார்த்துக் கூரையேறின கிச்சிலி இறங்கி வந்த பிறகும் கூடை இருக்கிற மூலைக்கே போகவில்லை. மீன் வைத்தேன், பால் வைத்தேன், நீ சொன்னபடி கதவை முழுக்கக் கழற்றி வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகின துணி ஏதாவது உள்ளே போடு என்று நீ சொன்னது ஞாபகம் வந்து, போன செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டிக்கு அடியிலிருந்து அந்தத் துண்டை எடுத்து உள்ளே விரித்தேன். எங்கிருந்து பார்த்ததோ வந்துவிட்டது. மோந்தது. அவரிடம் மட்டும் போடுகிற சின்னக் குரல் ஒன்று உண்டே, பத்து மாதம் கேட்காத குரல், அதைப் போட்டது. நேராக உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றித் துண்டின்மேல் படுத்து முகத்தை வாசல் பக்கம் வைத்துக்கொண்டது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அட, முடிந்தது வேலை, சுகிர்தாவுக்குப் போன் போடலாம் என்று எழுந்தேன். எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அது கூடைக்குப் பழகவில்லை கண்ணு. அவரிடம் போகப் போகிறோம் என்று நம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்கு அவர் குரலைக் காட்டிக் கோணியில் போட்டேன், இன்றைக்கு அவர் வாசனையைக் காட்டிக் கூடையில் போடுகிறேன். இரண்டு தடவையும் இதே கைதான்.

அன்றிலிருந்து ஆறு நாளாகத் தினமும் தானாகவே போய் உட்காருகிறது. இதை எழுதும்போதும் கூடையில்தான் இருக்கிறது, எப்போது கிளம்பலாம் என்பதுபோல் என்னைப் பார்க்கிறது. சனிக்கிழமை ஊசி போட வந்தவர் கை வைத்தபோதுகூட அசையவில்லை, ரொம்ப நல்லாப் பழக்கியிருக்கீங்க என்று என்னைப் புகழ்ந்துவிட்டுப் போனார். மற்ற இரண்டையும் பத்து நிமிஷம் பூட்டிப் பழக்கின எனக்கு இதன் கதவை மாட்டக் கை வரவில்லை, அதனால்தான் ஊசிக்கு ஆளை வீட்டுக்கே வரச்சொன்னேன். துண்டை எடுத்துவிடலாம் என்றால் அதற்கும் மனசு வரவில்லை, அதுவும் ஒரு வஞ்சகம்தான். கிளம்புகிற அன்று மாட்டித்தான் ஆகவேண்டும், மாட்டுவேன். கலைச்செல்வனிடம் எந்த வழி என்று கேட்டேன், காஞ்சிபுரம் போயி பைபாஸ் புடிச்சா வழவழன்னு போய்க்கினே இருக்கலாம் என்றான். பாலாற்றைத் தாண்டாத வழி இல்லையா என்றேன். கீதும்மா, வந்தவாசி, திருவண்ணாமலை, செங்கம், கிருஷ்ணகிரின்னு சுத்திக்கினு போவலாம், ரோடு கொஞ்சம் பேஜாரு என்று ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, சரிம்மா, அப்டியே போலாம் என்றான். உன் நைனா அடிபட்ட அன்றைக்கு அவனும் ஆஸ்பத்திரிக்கு வந்தவன்தானே. விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினால் சாயந்திரம் இருட்டுவதற்குள் உன் வீடு என்கிறான், எனக்கு நம்பிக்கை இல்லை, நீ எட்டு மணி என்றே வைத்துக்கொள்.

இதையெல்லாம் மறைத்துக்கொண்டே வண்டியில் ஏறி உன் வீட்டில் வந்து உட்கார்ந்து, நீ போடுகிற சோற்றைத் தின்னலாம் என்றுதான் இருந்தேன். ஒரு பூனையை ஏமாற்றி ஏற்றுவதையே தாங்க முடியாதவள் உன்னையும் ஏமாற்றிக்கொண்டு வர முடியாது. உன் நைனா செத்தது என் வாயால். நீ என்னைக் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடு. இந்தக் கடிதம் உனக்கு வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும் என்று தபால்காரர் சொன்னார், வண்டி வருவது அதற்கடுத்த வியாழன், இருபத்தொன்பதாம் தேதி, நடுவில் உனக்கு ஆறு நாள் இருக்கிறது. நீ கத்தினால் கேட்டுக்கொள்வேன், கத்துவது எனக்குப் பழக்கம், அழுதால்தான் என்னால் ஆகாது. அதனால் என்னிடம் பேச மனசு வரவில்லை என்றால் கலைச்செல்வனுக்குப் போன் பண்ணி ஆள் உண்டா, பூனைகள் மட்டுமா என்று சொல்லிவிடு, அவன் எனக்குச் சொல்வான். பூனைகள் மட்டும் என்றாலும் உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது, மூன்றையும் மாத்திரை கொடுத்துச் சுத்தமாகத் தயார் பண்ணி ஏற்றிவிடுவேன். எனக்கு இங்கே வீடு இருக்கிறது, கோயில் இருக்கிறது, எல்லப்பனோடு சண்டை போட்டாலே பொழுது போய்விடும்.

ஆண்டவர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கட்டும். நீ நல்ல தூக்கம் தூங்க வேண்டும், அதுதான் என் ஜெபம். என்மேல் கோபமாக இருந்தாலும் சாப்பாட்டில் அதைக் காட்டாதே.

ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நான் கூட வந்தால் நானே செய்வேன், வராவிட்டால் நீ செய்யவேண்டியது. பூனைகள் வந்து இறங்கினதும் வெளிக்கதவையும் சன்னல்களையும் சாத்திவிடு, ஆனால் வீட்டுக்குள் இருக்கிற கதவு ஒன்றையும் சாத்தாதே, பீரோ, குளியலறை, கட்டிலடி எல்லாம் திறந்தே கிடக்கட்டும். கிச்சிலி அவரைத் தேடும். ஒவ்வோர் அறையாகப் போய்ப் பார்க்கும், பார்த்த அறையையே மறுபடியும் பார்க்கும், இரண்டு நாளோ மூன்று நாளோ ஆகும், கத்தினாலும் தூக்காதே, தடுக்காதே. அவர் அங்கே இல்லை என்று அதுவே தெரிந்துகொள்ள வேண்டும். நான் சொன்னால் அது நம்பாது.

இப்படிக்கு,
உன் அம்மா,
ஜா. திலகா